தண்ணி வருது

அந்தக் கோடை விடுமுறையின் தொடக்கத்தில் நாங்கள் விளையாடிய ஆட்டத்துக்கு நாங்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை. பெரியவர்கள்தான் வைத்தார்கள். ‘அந்த எழவு ஆட்டம்’ என்றார்கள். அதை விளையாடியதற்காக எங்களில் அடி வாங்காத பிள்ளை கிடையாது.

ஆட்டம் சுலபமானது. ஒரு பிள்ளை தண்ணீர். மற்ற எல்லோரும் ஊர். தண்ணீராக இருக்கும் பிள்ளை அடிபம்புக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். ஊர் தன் பாட்டுக்குச் சோறாக்கும், வலை பின்னும், சண்டை போடும், பிள்ளைக்குத் தலை வாரும். திடீரென்று ‘தண்ணி வருது’ என்று கத்திக்கொண்டு அந்தப் பிள்ளை ஓடி வரும். நாங்கள் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ரோட்டு மேட்டுக்கு ஓட வேண்டும். மேட்டில் ஏறிவிட்டால் பிழைத்தோம். தண்ணீரின் கை பட்டவர்கள் பட்ட இடத்திலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர்கள் செத்துப்போனவர்கள். எல்லோரும் ஓடி முடித்ததும் ‘ஆட்டம் முடிஞ்சிடுச்சி’ என்று சேர்ந்து கத்துவோம். செத்தவர்கள் எழுந்து, பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வருவார்கள். அடுத்த தண்ணீர் யார் என்று சண்டை தொடங்கும்.

எனக்கு அப்போது ஏழு வயது. தம்பிக்கு நான்கு. கிள்ளைக்குக் கிழக்கே, உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த எங்கள் குப்பம் அரையாண்டு விடுமுறையில் சுனாமியில் போய்விட்டது. முழு ஆண்டு விடுமுறை வந்தபோது நாங்கள் கிள்ளைக்குப் போகும் சாலையோரம், சவுக்குத் தோப்பை ஒட்டிய ஒரு பொட்டலில், வரிசையாகப் போட்டுக் கொடுத்த கொட்டகைகளில் இருந்தோம். சுவரும் தார் அட்டை, கூரையும் தார் அட்டை. வெயில் ஏறினால் தார் இளகி நெடி கிளம்பும். உள்ளே இருக்க முடியாது. கைக்குழந்தைகளைக்கூடத் தூளியோடு சவுக்கு நிழலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஆகவே பொழுது விடிந்தது முதல் பொழுது போகும்வரை எங்களுக்கு வெளிதான் வீடு.

விளையாடுவதற்குச் சாமான்கள் இல்லாமல் இல்லை. வெளியூர்களிலிருந்து வேனில் வந்தவர்கள் பிள்ளைக்கு ஒன்று என்று பொம்மை கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்கு மஞ்சள் முடி வைத்த பொம்மை ஒன்று கிடைத்தது. அழுக்காகிவிடும் என்று அம்மா அதைப் பையைப் பிரிக்காமலே மூங்கிலில் ஆணி அடித்து மாட்டி வைத்தாள். தம்பிக்குக் கிடைத்த கார் பேட்டரி இருந்தால்தான் ஓடும். எல்லாக் கொட்டகையிலும் பொம்மைகள் இப்படி உயரத்தில் இருந்தன. நாங்கள் கீழே, கையில் ஒன்றும் இல்லாமல், செத்துச் செத்து எழுந்துகொண்டிருந்தோம்.

அம்மா ஒருநாள் கரண்டியால் என் முழங்காலில் அடித்தாள். அடித்துவிட்டு அவளே உட்கார்ந்து அழுதாள். அடித்தவள் ஏன் அழுகிறாள் என்று தம்பி என்னைக் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. மறுநாள் மீண்டும் விளையாடினோம்.

எங்கள் கொட்டகைக்கு அடுத்தது மாமாவுடையது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பு, பக்கத்தில் பக்கத்தில் உட்காருவோம். சுனாமியில் போன பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. மாமா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாராம். ஓடுகிற வழியிலேயே தண்ணீர் வந்து பிடுங்கிக்கொண்டதாம். இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. நாங்கள் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். பேச்சை நிறுத்திவிட்டால் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது என்று பெரியவர்கள் நம்பினார்கள்.

ஊருக்கு யார் வந்தாலும் மாமாவைத்தான் முதலில் காட்டுவார்கள். “தோ ஒக்காந்திருக்காரே, அவருதான். தோள்ல இருந்த புள்ளையப் பறிகொடுத்தவரு” என்பார்கள். வந்தவர்கள் மாமாவின் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நிற்பார்கள். சிலர் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மாமா அவர்கள் பிடித்துக்கொள்ளும்படி கையைக் கொடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் எப்போதும் ரோட்டைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். கடல் அவருக்கு முதுகுப் பக்கம் இருந்தது.

அத்தை, அதாவது மாமாவின் மனைவி, அன்று காலையில் மீன் கூடையோடு சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அதனால் தப்பித்துக்கொண்டாள். அவளை அதிர்ஷ்டக்காரி என்று நாலு பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு கொஞ்ச காலம் கடல் மீனை வாங்க ஆள் இல்லை. அவள் தோப்பில் உதிர்ந்த சவுக்கு மிளாறு பொறுக்கி, விறகுக்குக் கட்டுக் கட்டாக விற்றாள். அதிகம் பேசமாட்டாள். எப்போதும் ஏதாவது வேலை செய்துகொண்டே இருப்பாள்.

மற்ற ஆண்கள் பங்குனி கழிந்ததும் ஒவ்வொருவராகக் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். என் அப்பாவும் போனார். மாமாவுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு ஃபைபர் படகு நிவாரணத்தில் வந்திருந்தது. மூவரும் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். மாமா எழுந்திருக்கவில்லை. பிறகு அவர்கள் கூப்பிடாமலே போனார்கள். வரும்போது அவருடைய பங்கு மீனை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அத்தை அதை வாங்கிக்கொள்வாள். ஆனால் அந்த வீட்டில் மீன் சமைத்த வாசனை வந்ததில்லை. மீன் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

ஒருநாள் ஆட்டத்தில் தம்பி தண்ணீர். அவன் தண்ணீர் என்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். அவனுடைய காலுக்கு யாரையும் பிடிக்க முடியாது. எல்லோரும் மேட்டில் ஏறிவிட்டோம். பொட்டல் காலியாகக் கிடந்தது. தம்பி நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தான். கொட்டகை ஓரத்து நிழலில் மாமா உட்கார்ந்திருந்தார். அவன் நேராக அவரிடம் ஓடி, இரண்டு கையாலும் முதுகில் ஓங்கி அறைந்தான்.

“மாமா அவுட்டு. நீ செத்துட்ட. கண்ண மூடிக்க” என்றான்.

அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அம்மா கொட்டகைக்குள்ளிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள். நான் மேட்டில் நின்றபடி தம்பி இன்று தொலைந்தான் என்று நினைத்தேன்.

மாமா கையைத் தூக்கி அம்மாவைத் தடுத்தார். “உடு அக்கா. ஆட்டம் நடக்குது” என்றார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே கேட்டார்: “எவ்ளோ நேரம்டா இப்படியே இருக்கணும்?”

“ஆட்டம் முடியிற வரைக்கும்.”

“அப்பறம்?”

“அப்பறம் எந்திரிச்சிடலாம்.”

“எல்லாருமா?”

“எல்லாருந்தான்” என்றான் தம்பி. இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி இருந்தது அவன் குரல்.

மாமா தலையை ஆட்டினார். கண்ணைத் திறக்கவில்லை. ஆட்டப்படி எல்லோரும் மேட்டில் ஏறியாகிவிட்டது. ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் அதைக் கத்திச் சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். ஒரு பஸ் போயிற்று. சவுக்குத் தோப்பில் காற்று அடித்து நின்றது. அப்புறமும் உட்கார்ந்திருந்தார்.

அவருடைய கொட்டகை வாசலில் அத்தை நின்றிருந்தாள். “ஆட்டம் முடிஞ்சிடுச்சின்னு சொல்லுங்கடா” என்றாள். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள்.

தம்பி கத்தினான். மாமா கண்ணைத் திறந்து, எழுந்து, கைலியைத் தட்டிக்கொண்டார். எங்களை ஒருமுறை பார்த்தார். “அடுத்த தண்ணி யாரு?” என்று கேட்டார்.

மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெல்லக்கட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். “தம்பிக்கும் குடு. இன்னிக்கும் ஒங்க மாமாவ ஆட்டத்துக்குக் கூப்புடுங்க” என்றாள். “வரமாட்டாரு” என்றேன். “நீங்க கூப்ட்டா வருவாரு. நான் சொன்னேன்னு சொல்லாத” என்றாள்.

கூப்பிட்டோம். வந்தார். அன்று முதல் தினமும் கூப்பிட்டோம். வெல்லத்துக்காகத்தான் முதலில் கூப்பிட்டேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு அத்தை வெல்லம் கொடுக்க மறந்த நாட்களிலும் கூப்பிட்டேன்.

அவரை ஆட்டத்தில் சேர்த்தது மற்றப் பிள்ளைகளுக்கு ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. பெரிய ஆள் ஓடினால் நியாயமில்லை என்றார்கள். ஆனால் மாமா ஓடவே இல்லை. எத்தனை முறை தண்ணீர் வந்தாலும் ஊரில் உட்கார்ந்தபடியே செத்துக்கொண்டிருந்தார். “ஓடு மாமா, மேட்டுக்கு ஓடு” என்று தம்பி அவர் கையைப் பிடித்து இழுப்பான். ஓடாத ஆளை வைத்துக்கொண்டு என்ன விளையாடுவது? எங்களுக்கே அந்த ஆட்டம் சலித்துப் போயிற்று. ஒருநாள் காலை யாரும் பம்புக்குப் பின்னால் போகவில்லை. எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

“தண்ணி நம்மளத் தொரத்துனது போதும். நாம தண்ணியத் தொரத்தலாமா?” என்றார் மாமா.

எப்படி என்று கேட்டோம். அடிபம்பின் கீழே சிமெண்ட் தளத்திலிருந்து வழியும் தண்ணீர் குட்டையாகத் தேங்கிக் கிடக்கும். மாமா ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து அந்தக் குட்டையின் கரையில் ஒரு வாய் வெட்டினார். அங்கிருந்து மணலில் ஒரு கோடு கிழித்தார். விரற்கடை அகலத்துக்கு ஒரு வாய்க்கால். தண்ணீர் அதில் இறங்கி, தயங்கி, மணல் குடித்தது போக மிச்சத்தோடு நெளிந்து வந்தது. தம்பி குனிந்து அதன் பின்னாலேயே நடந்தான். அது நின்ற இடத்தில் நின்று, ‘போ, போ’ என்று அதட்டினான்.

அதற்கப்புறம் விடுமுறை முழுக்க எங்களுக்கு அதுதான் வேலை. பெண்கள் தண்ணீர் பிடித்து முடிக்கும்வரை காத்திருப்போம். அவர்கள் குடத்தைத் தூக்கியதும் பம்பு எங்களுடையது. இரண்டு பேர் பம்பு அடிக்க, மற்றவர்கள் கொட்டாங்கச்சியும் குச்சியுமாக வாய்க்காலில் இறங்கிவிடுவோம். தார் அட்டைத் துண்டை வளைத்துப் பாலம் கட்டினோம். சவுக்குக் காய்களை மிதக்கவிட்டுப் பந்தயம் வைத்தோம். மணல் கரை உடைந்தால் உடைந்த இடத்தில் ஆளுக்கொரு கால் வைத்து அடைப்போம். சுனாமிக்குப் பிறகு தண்ணீர் கணுக்காலில் பட்டாலே எங்களுக்கு உடம்பு உதறும். தம்பி தலையில் தண்ணீர் ஊற்றவிடாமல் ஊரைக் கூட்டுவான். அம்மா ஈரத்துணியால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாய்க்காலில் அவன் வயிறு படப் படுத்துக்கொண்டு, வாயில் தண்ணீரை உறிஞ்சித் துப்பி விளையாடியதை அம்மா பார்த்தாள். திட்டாமல் உள்ளே போய்விட்டாள்.

வாய்க்கால் ஒவ்வொரு நாளும் நீண்டது. கொட்டகை வரிசையைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்குள் நுழைந்து, கிழக்கே சரிந்து போயிற்று. தண்ணீர் சரிவைத்தான் பார்க்கும். சரிவு கடல் பக்கம் இருந்தது. மாமா எப்போதும் எல்லோருக்கும் முன்னால், காய்ந்த மணலில் மண்டியிட்டுத் தோண்டிக்கொண்டே போவார். தண்ணீர் அவர் பக்கத்தில் வந்து சேர்வதற்குள் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிப் போயிருப்பார். கஷ்டமான வேலை முன்னால்தான் இருக்கிறது, அதனால்தான் அவர் அங்கே இருக்கிறார் என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். அவர் கால் ஒருநாளும் நனைந்ததில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தோப்பு முடிகிற இடத்தில் உப்பங்கழியின் சேற்றுக் கரை. அங்கே வரைக்கும் வாய்க்கால் போய்விட்டது. பிறகு அதிலிருந்து கிளை வாய்க்கால்கள் வெட்டத் தொடங்கினோம். நாங்கள் கழியில் இறங்கிக் குச்சியால் நண்டு வளையைக் குடைந்தோம். முழங்கால் அளவு தண்ணீரில் ஒருவர் மேல் ஒருவர் சேறு பூசிக்கொண்டோம். எதிரே சுரபுன்னைக் காடு பச்சையாக நின்றது. அதற்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. மாமா கரையில் ஒரு சவுக்கு மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து எங்களையே பார்த்தார். ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே இருந்தார். எண்ணி முடித்ததும் முதலிலிருந்து மறுபடி எண்ணினார். உதடு அசைவதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

இதற்குள் சித்திரை முடிந்து வைகாசி பிறந்துவிட்டது. ஒருநாள் அத்தை மிளாறுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“கடலுக்குப் போலாம்னு மாமாகிட்ட கேளு” என்றாள்.

“நான் வரல அத்த. எனக்குப் பயமா இருக்கு.”

“அத அப்படியே அவருகிட்ட சொல்லு. பயமா இருக்கு, நீ கூட்டிக்கிட்டுப் போனா வர்றேன்னு சொல்லு.”

எனக்கு அழுகை வந்தது. பயப்படுகிற பிள்ளையைப் பயப்படுகிற இடத்துக்கே போகச் சொல்கிறாளே, இவள் என்ன அத்தை என்று நினைத்தேன். ஆனால் அவள் என் கையை விடவில்லை. அவளுடைய உள்ளங்கை மிளாறு கீறிக் கீறிச் சொரசொரவென்று இருந்தது. “எனக்காகக் கேளும்மா” என்றாள். அந்தக் கோடையில் பெரியவர்கள் யாரும் என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

அன்று வாய்க்கால் கரையில் மாமாவிடம் கேட்டேன். காதில் விழாத மாதிரி தோண்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் கேட்டேன். “எதுக்கு?” என்றார். அதற்கு அத்தை பதில் சொல்லித் தரவில்லை. “சும்மா. வெளயாட” என்றேன். அதற்கும் அடுத்த நாள் நான் கேட்காமலே அவராக, “நெசமா பயமா இருக்கா ஒனக்கு?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கொட்டாங்கச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையில் இருந்த மணலைத் தேய்த்து உதிர்த்தார். “நான் கையப் புடிச்சிக்கிறேன். வர்றியா?” என்றார்.

வெயில் தாழ்ந்த பிறகு புறப்பட்டோம். நானும் தம்பியும் மட்டும்தான். அம்மாவும் அத்தையும் கொட்டகை வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அத்தை அவள் முழங்கையைத் தொட்டு நிறுத்தினாள்.

உப்பங்கழிப் பாலத்தைத் தாண்டி, பழைய குப்பத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். வீடுகள் இருந்த இடத்தில் சிமெண்ட் தரைகள் மட்டும் மணலுக்குள் கிடந்தன. இது இன்னார் வீடு, இது இன்னார் வீடு என்று நான் தம்பிக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். மாமா வீட்டில் வாசற்படி ஒன்றும், துணி துவைக்கும் கல்லும் மிச்சம் இருந்தன. அங்கே வந்ததும் நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். மாமா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நடையும் நிற்கவில்லை. ஆனால் என் கையைப் பிடித்திருந்த அவருடைய பிடி இறுகியது. விரல் வலித்தது. அவருக்கு என்னைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவ்வளவு அக்கறை என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

கரையில் படகுக்குப் பக்கத்தில் மூன்று பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் கூட்டாளிகள். எங்களைப் பார்த்ததும் அவர்கள் பேச்சு நின்றது. அவர்களில் மூத்தவர், தாடி நரைத்தவர், ஒரு நிமிஷம் மாமாவைப் பார்த்தார். “வா மச்சான்” என்றார். நேற்றுக்கூட வந்துபோன ஆளிடம் சொல்வது மாதிரி சொன்னார். சொல்லிவிட்டு வலைக்குள் குனிந்துகொண்டார். மற்ற இருவரும் தலையைத் தூக்கவே இல்லை.

கடல் நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சிறியதாக இருந்தது. கறுப்பாக, தென்னை உயரத்துக்கு நிற்கும் என்று நினைத்திருந்தேன். அது பழையபடி நீலமும் சேற்று நிறமுமாகக் கீழே கிடந்தது. சின்ன அலை வந்து மணலை நனைத்துவிட்டுப் போயிற்று. நாங்கள் மூவரும் காய்ந்த மணலில் நின்றோம். என் கால் நகரவில்லை. மாமாவும் நகரவில்லை. அவர் கை ஜில்லென்று நனைந்திருந்தது. எனக்குத்தான் வியர்க்கிறது என்று நினைத்தேன்.

தம்பி என்ன செய்தான் என்றால், பின்வாங்குகிற அலையைப் பார்த்தான். அது அவனுக்கு எங்கள் வாய்க்கால் தண்ணீர் மாதிரி பட்டிருக்க வேண்டும். மாமாவின் மற்றக் கையிலிருந்து கையை உருவிக்கொண்டு, “போ, போ” என்று அதட்டியபடி அதன் பின்னால் ஓடினான். அலை ஓடிற்று. ஈர மணலில் நின்று அவன் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவன் முதுகுக்குப் பின்னால் அடுத்த அலை எழுந்துகொண்டிருந்தது. பெரிய அலை இல்லை. அவன் இடுப்பு வரைகூட வந்திருக்காது.

மாமா என் கையை விட்டுவிட்டு ஓடினார். அந்தக் கோடை முழுக்க ஓடாத ஆள். அலை வந்து சேர்வதற்குள் தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அலை அவர் முழங்காலில் மோதி, கைலியை நனைத்து, தாண்டிப்போய், திரும்பி இறங்கிற்று. அவர் அசையாமல் நின்றார். அடுத்ததும் வந்தது. அதற்கும் நின்றார். தம்பியின் முதுகில் இரண்டு கையையும் கோர்த்திருந்தார். தம்பி அவர் தோளுக்கு மேலே தலையை நீட்டி, வருகிற ஒவ்வொரு அலையையும் போ போ என்று விரட்டிக்கொண்டிருந்தான்.

அங்கே அவர் ரொம்ப நேரம் நின்றார். பிறகு குனிந்து ஒரு கையால் கடல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். மறுபடி மறுபடி அடித்துக்கொண்டார். கடல் தண்ணீரில் யாராவது முகம் கழுவுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தேன். தாடி நரைத்தவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். காற்றில் மணல் விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு நானும் இறங்கினேன். இருட்டுகிற வரை அலையைத் துரத்தினோம். அலை எங்களைத் துரத்தியது. அம்மா தேடிக்கொண்டு வந்த பிறகுதான் திரும்பினோம்.

இரண்டொரு நாள் கழித்து மாமாவைக் கூப்பிடப் போனேன். கொட்டகையில் அத்தை மட்டும் இருந்தாள். “கடலுக்குப் போயிருக்காரு” என்றாள். “எப்ப வருவாரு?” என்றேன். “வந்ததும் தூங்குவாரு. நாளைக்கும் போவாரு. இனிமே தெனமும் போவாரும்மா.”

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எங்கள் வாய்க்கால் இன்னும் முடியவில்லை. நானே கேட்டு, நானே கூட்டிக்கொண்டு போய், நானே எங்கள் ஆளைத் தொலைத்துவிட்டேன். கேட்கச் சொன்னவள் இவள். “எல்லாம் ஒன்னாலதான் அத்த” என்று கத்திவிட்டுப் பம்படிக்கு ஓடினேன். 

அன்று பிற்பகல் நாங்கள் மாமா இல்லாமலே வாய்க்காலைத் தோண்டிக்கொண்டிருந்தோம். அத்தை வந்தாள். இடுப்பில் குடம் இருந்தது. ஆனால் பம்புப் பக்கம் போகவில்லை. வாய்க்கால் ஓரத்தில் எங்களுக்கு எதிரே உட்கார்ந்தாள். குடத்தைப் பக்கத்தில் வைத்தாள். வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, ஓடுகிற தண்ணீரில் கையை வைத்தாள். அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் போயிற்று. மிதந்து வந்த ஒரு சவுக்குக் காய் அவள் கையில் முட்டி நின்றது. அதை எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மறுபடி தண்ணீரிலேயே விட்டாள்.

தண்ணீரை வீணாக்குகிறோம் என்று திட்ட வந்திருக்கிறாள் என்றுதான் எங்களுக்குப் பட்டது. நான் காலையில் கத்தியது வேறு இருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குச்சியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றோம். பம்பு அடித்துக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, மணல் தெரிந்தது.

“வெளயாடுங்க” என்றாள் அத்தை.

யாரும் அசையவில்லை.

“நான் சும்மாதான் ஒக்காந்திருக்கேன். வெளயாடுங்கம்மா.”

அவள் போவதற்காகக் காத்திருந்தோம். அவளுக்கும் அது தெரிந்திருக்கும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, குடத்தை நிரப்பாமலே எடுத்துக்கொண்டு எழுந்தாள். கொட்டகைக்குள் போய்ச் சாக்குப் படுதாவை இழுத்துவிட்டாள். அந்த வெயிலில், தார் நெடியில், பகலில் யாரும் இருக்க முடியாத அந்தக் கொட்டகைக்குள் அவள் என்ன செய்கிறாள் என்று தம்பி கேட்டான். தூங்குவாள் என்றேன்.

மாமாவின் மகள், மாமாவின் மகள் என்றே ஊர் சொல்லிவந்தது. நானும் அப்படியே நினைத்துவந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர் மாமா. அத்தை தப்பித்துக்கொண்டவள். அவளையும் யாராவது வந்து ஆட்டத்துக்குக் கூப்பிட வேண்டியிருந்தது என்பது அன்று பம்படியில் நின்ற எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. படுதா ஆடி அடங்கியதும் நாங்கள் குச்சிகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் வாய்க்காலில் இறங்கினோம்.